ரப்பர் பிடி கையில் ஒட்டினால்: அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்யும் வழி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மின்விசிறி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் திருத்தும் சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு ஜூன் மாத மழையில் இரண்டு கிழமை மூடிக்கிடந்த டூல் பொக்ஸைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். கையை விட்டு இறங்க மறுத்தது. பலாக்காய் அரிந்த கத்தியைப் பிடித்தமாதிரி இருந்தது. பலாப்பாலுக்குத் தேங்காயெண்ணெய்தானே தடவுவோம்? இதற்கும் தடவினேன். பின்னேரம் வரைக்கும் வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் பிடி இன்னும் இளகி, பெட்டியின் அடியில் கிடந்த மரத்தூள், செப்புக்கம்பித் துண்டு, ஒரு செத்த எறும்பு எல்லாவற்றையும் தன்மேல் ஒட்டி வைத்திருந்தது.

அந்த எண்ணெய் வைத்தியத்துக்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. பிடியில் இருக்கும் பிசுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்தால், பாதி நேரம் நிலைமை மோசமாகத்தான் போகும். பிசுக்கு வெளியிலிருந்து வந்து படிந்திருக்கலாம். பிடியே உள்ளிருந்து கசிந்துகொண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நாம் ரப்பர் பிடி என்று சொல்வதில் பெரும்பாலானவை ரப்பரே இல்லை. உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் தண்டு, அதன்மேல் அச்சில் உருக்கி வார்த்த மெத்தென்ற இன்னொரு பிளாஸ்டிக். டி.பி.ஈ. அல்லது டி.பி.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கும். அது மெத்தென்று இருப்பதற்காகவே பலவற்றில் எண்ணெய் கலந்துதான் செய்கிறார்கள். குறடுகளில் சிவப்பும் நீலமுமாய்த் தோய்த்தெடுத்த உறை பீ.வீ.சி. அதிலும் இளக்குவதற்கான எண்ணெய்ப் பொருள் உண்டு. மல்ட்டிமீட்டர், டோர்ச் போன்றவற்றில் சிலவேளை வெல்வெட் தடவியதுபோல ஒரு பூச்சு மட்டும் இருக்கும்; அது பொலியூரித்தேன். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மஞ்சள் அல்லது சிவப்புக் கைப்பிடிகள் வேறு சாதி, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

எதையும் தொடங்குமுன் ஒரு சோதனை. பழைய வெள்ளைச் சாரத்துண்டை நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பிடியில் பெருவிரல் அளவு இடத்தை மட்டும் இருபது தடவை தேய்க்கவும். ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டுத் தொட்டுப் பார்க்கவும். துணி கறுத்து, தேய்த்த இடம் உலர்வாக இருந்தால் அது வெறும் அழுக்கு, நல்ல செய்தி. துணியில் பிடியின் நிறமே இறங்கி, தேய்த்த இடம் இன்னும் ஒட்டினால் பிடி கரைகிறது. துணியும் சுத்தம், இடமும் சுத்தம், ஆனால் மறுநாள் மறுபடி ஒட்டுகிறது என்றால் உள்ளிருந்து கசிகிறது.

பிடி கறுத்து வழுக்குகிறது, வரிப்பள்ளங்களில் கரி அடைந்திருக்கிறது

பத்தில் எட்டு இதுதான். கை வியர்வை, தோலின் எண்ணெய், மோட்டார் கிறீஸ், உலோகத்தூள், பழைய விசிறிகளின் தூசி எல்லாம் சேர்ந்து பள்ளங்களில் இறுகிவிடுகின்றன. மேலோட்டமாகத் துடைத்தால் மேடுகள் மட்டும் சுத்தமாகி, பள்ளங்கள் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிதண்ணீர் வேண்டாம், இளகின பிளாஸ்டிக்கை அது இன்னும் இளக்கும், உள் தண்டோடு ஒட்டியிருக்கும் இடத்தையும் தளர்த்தும். ஒரு கோப்பைத் தண்ணீருக்குப் பாத்திரத் திரவம் ஒரு தேக்கரண்டி. சாமானை அதில் ஊறப்போடக் கூடாது. ராச்செட் (ஒருபக்கம் மட்டும் திருப்பும் பல்லமைப்பு) உள்ள டிரைவருக்குள் தண்ணீர் போனால் உள் கிறீஸ் கெடும். சாதாரண டிரைவரிலும் தண்டு பிடிக்குள் நுழையும் இடத்தில் நீர் நின்று துரு தொடங்கும். பிடியைக் கீழே சரித்துப் பிடித்து, பழைய பல் பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தால் நீர் முனைப்பக்கம் ஓடாது. மென்மயிர் பிரஷ்ஷாக இருக்கட்டும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அது கீறிய கோட்டில் அடுத்த மாத அழுக்கு முதல் ஆளாய்ப் போய்க் குந்தும்.

நுரையைப் போட்டுத் தேய்த்துவிட்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். சவர்க்காரம் எண்ணெயைக் கவ்விக் கிளப்ப நேரம் வேண்டும். அப்புறம் தும்புத்தடிக்குப் பக்கத்தில் நிற்கும் ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைச் சரிவாக வெட்டி, பள்ளத்தின் வழியே இழுத்தால் கறுப்பு அழுக்கு புழுப்போலச் சுருண்டு வெளியே வரும். ஊசி, கட்டர் முனை எல்லாம் பிடியைக் குத்திவிடும். ஈர்க்கு தானே மழுங்குமே தவிரப் பிடியை வெட்டாது. கடையில் இதற்கென்று விற்கும் பிரஷ்களை வாங்கிப் பார்த்தேன். எதுவும் ஈர்க்குக்கு ஈடாகவில்லை.

கிறீஸ் பழையதாய் இறுகியிருந்தால் பார்மசியில் கிடைக்கும் 70 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். துணியில்தான், பிடியின்மேல் ஊற்றக் கூடாது. நிறம் இறங்குகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கை சானிடைசர் இதற்கு உதவாது. ஜெல்லைக் கட்டியாக்கும் பொருளும் கிளிசரினும் பிடியில் தங்கி, அதுவே ஒட்டத் தொடங்கும்.

கடைசியில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடைக்கவும். சவர்க்காரம் மிஞ்சினாலும் ஈரக் கைக்கு வழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். இரும்புப் பாகத்துக்கு ஒரு துளி மெஷின் ஒயில் போடும்போது பிடியைத் துணியால் சுற்றிக்கொண்டு போடுவது என் வழக்கம். குறட்டின் மூட்டில் விட்ட ஒயில் வழிந்து பிடிக்குள் இறங்கித்தான் நிறைய உறைகள் கெடுகின்றன.

பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர். கராஜில் கை கழுவவே பெற்றோல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அழுக்கு நொடியில் போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மெத்தென்ற பிளாஸ்டிக் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் குடித்து உப்பும். தின்னரோ அதைக் கரைத்தே விடும். ஒரு தடவை வாளி அடியில் கொஞ்சம் தின்னர் இருப்பதைக் கவனிக்காமல் ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து தூக்கினால் தண்டு மட்டும் வந்தது, பிடியின் சிவப்பு உறை அல்வாபோல வாளியோடு நின்றுவிட்டது.

கழுவினாலும் மறுநாள் மறுபடி ஒட்டுகிறது

இதுதான் நான் தேங்காயெண்ணெய் போட்டு மாட்டிக்கொண்ட நிலை. பிடிக்குள் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. வெக்கை அதை விரைவுபடுத்தும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் நாள்முழுக்கக் கிடக்கும் பெட்டி, தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் வைத்த பெட்டி, இரண்டும் அடுப்புக்குச் சமன். பீ.வீ.சி. உறை போட்ட குறட்டை மலிவான பிளாஸ்டிக் தட்டின்மேல் மாதக்கணக்கில் விட்டால், கசிந்த பொருள் தட்டையும் இளக்கிப் பிடியின் வடிவத்திலேயே ஒரு பள்ளம் பதிக்கும். உங்கள் பெட்டியின் உள்தட்டில் அப்படி ஒரு தடம் இருந்தால் ஆள் யார் என்று தேட வேண்டியதில்லை.

கசிவு இலேசாக இருந்தால், பாத்திரத் திரவத்தால் கழுவி, உலர்த்தி, அல்கஹோல் துணியால் ஒருமுறை துடைத்து, நிழலில் காற்றாட ஒரு கிழமை திறந்தே வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். மேலே வந்து சேர்ந்தது போய்விட்டால் சில பிடிகள் அமைதியாகிவிடும். என்னிடம் இருக்கும் ஒரு கட்டிங் பிளையர் இப்படித்தான் பிழைத்தது.

முகப்பவுடர் போடும் வைத்தியமும் ஒன்று இருக்கிறது. உடனே உலர்ந்த மாதிரி இருக்கும், அவசரத்துக்குக் கூரையில் ஏறி நிற்கும்போது நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பவுடர் கசிவை உறிஞ்சிக் களியாகும். அந்தக் களியைப் பிறகு பள்ளத்திலிருந்து எடுப்பது முதல் வேலையைவிடப் பெரிய வேலை.

வெல்வெட் பூச்சுள்ள சாமான் ஒட்டினால் கதை வேறு. அந்தப் பூச்சில் பல காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வேதியியல் முறையிலேயே உடைகின்றன. கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பாவிக்காமல் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் ஒருநாள் ஒட்டத்தான் போகிறது. உடைந்த பூச்சைச் சுத்தம் செய்ய முடியாது, முழுதாகக் கழற்றத்தான் முடியும். என் மல்ட்டிமீட்டருக்கு அதைத்தான் செய்தேன். பற்றரியைக் கழற்றி, டயலையும் துளைகளையும் நாடாவால் மூடி, ஒரு கையளவு இடத்தை அல்கஹோலில் நனைத்த துணியால் மூடி இரண்டு நிமிடம் விட்டேன். அப்புறம் பழைய போன் ரீலோட் அட்டையின் விளிம்பால் வழித்தேன். கறுப்புக் கூழ் சுருண்டு வந்தது. துடைக்கிற துணி சீக்கிரம் நிரம்பிவிடும். அதே பக்கத்தால் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பூசுவோம், ஆகவே துண்டுத் துணி நிறைய வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் அடியிலிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் வெளியே வந்தது. அழகு போய்விட்டது, ஆனால் ஒட்டவில்லை. யன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

பிடியின் தடிப்பு முழுதுமே கூழாகி, நகம் வைத்தால் குழி விழுந்து மீளாமல் நின்றால் காப்பாற்ற ஒன்றுமில்லை. இரும்பு நன்றாக இருந்தால் அந்த உறையைக் கட்டரால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக் சாமான் கடைகளில் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் வாங்கிப் போட்டுச் சூடுகாட்டலாம். சுத்தியலுக்கு நான் போட்டது கிரிக்கெட் மட்டைப் பிடி ரப்பர். சுருட்டி ஏற்றினால் சரியாகப் பிடித்துக்கொள்ளும்; கழுவவும் சுகம்.

விரல் படும் இடங்களில் மட்டும் ஒட்டுகிறது

பிடி முழுதும் நன்றாக இருக்க, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் படும் இடம் மட்டும் பிசுபிசுத்தால் கையில் என்ன பூசுகிறீர்கள் என்று யோசியுங்கள். டெங்குப் பயத்தில் நுளம்பு மருந்து பூசாத வீடு இங்கே குறைவு. டீட் என்ற பொருள் உள்ள நுளம்பு மருந்து பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி மங்குவதும் மூக்குக்கண்ணாடிச் சட்டம் பிசுபிசுப்பதும் சிலருக்கு இதனால்தான். வெயிற்காப்புக் கிறீமும், தலைக்குத் தேய்த்த எண்ணெய்க் கையும் இதே பட்டியலில் வரும்.

இதற்குச் சவர்க்காரத் தண்ணீரே போதும், உடனே கழுவினால். மேற்பரப்பு ஏற்கனவே கரைந்து விரல் ரேகை பதிந்துவிட்டது என்றால் அந்தத் தோல் திரும்பி வராது. மருந்தைக் கைக்குப் பூசியபின் உள்ளங்கையை மட்டும் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நுளம்பு உள்ளங்கையில் வந்து கடிப்பது அபூர்வம்தானே.

வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது, நாற்றமும் அடிக்கிறது

பழைய ஸ்குரூ டிரைவர்களின் ஒளி ஊடுருவும் கைப்பிடிகளில் இது வரும். மெத்தென்ற பிடி இல்லை, ஆனால் அதே பெட்டிக்குள் கிடப்பதால் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் கெட்ட வெண்ணெய், சிலவேளை குழந்தை வாந்தி மாதிரி ஒரு நாற்றம். எலி செத்துவிட்டது என்று ஒருமுறை அறை முழுதும் தேடினேன்! அந்தக் கைப்பிடிகள் செலுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மூடிய பெட்டிக்குள் அது மெல்லச் சிதைந்து பியூட்டிரிக் அமிலத்தை விடும். கெட்ட வெண்ணெய் நாறுவதும் அதே அமிலத்தால்தான்.

அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அமிலத்தைச் சோடா அடக்கும், வெள்ளைப் பூவும் போகும். இந்தக் கைப்பிடிக்கு அல்கஹோல் கூடாது, மங்கிவிடும். அசிற்றோன், அதாவது நகப்பூச்சு அகற்றும் திரவம், பக்கத்திலேயே வரக் கூடாது. கழுவிய பிறகு மூடிய பெட்டிக்குள் திரும்பப் போட்டால் சில மாதத்தில் அதே நாற்றம் வரும். சுவரில் தொங்கவிடுங்கள்.

நாற்றம் இல்லாமல், பொட்டுப்பொட்டாய் வெள்ளை, பச்சை அல்லது கறுப்பு என்றால் அது பூஞ்சணம்

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நனைந்த சாமானைத் துடைக்காமல் பெட்டியில் போட்டு மூடினால் மறுகிழமை பூத்திருக்கும். உண்மையில் பூஞ்சணம் தின்பது பெரும்பாலும் பிடியை இல்லை, அதன்மேல் படிந்த வியர்வையையும் தோல் துகளையும். சுத்தமான பிடியில் அது குறைவு.

உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் வித்துகள் அறை முழுதும் பறக்கும். முதலில் சவர்க்கார ஈரத்துணியால் வழித்தெடுத்து, பிறகு 70 வீத அல்கஹோலால் நனையத் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். ஒளி ஊடுருவும் கைப்பிடி என்றால் சவர்க்காரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச்சும் பூஞ்சணத்தைக் கொல்லும், ஆனால் ஒரு துளி இரும்பில் பட்டாலும் துரு நிச்சயம். அதனால் நான் எடுப்பதில்லை. எடுத்தாலும் வினாகிரியோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது விளையாட்டில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல்பக்க வீடுகளுக்கு ஒரு மேலதிகத் தொல்லை. காற்றில் வரும் உப்பு பிடியில் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எப்போது தொட்டாலும் பிடி நசநசவென்று இருக்கும். அது பிசுக்கு இல்லை, உப்பு. அல்கஹோல் உப்பைக் கரைப்பது குறைவு. வெறும் நல்ல தண்ணீர்த் துணிதான் மருந்து.

சீமெந்து, பெயின்ட், பைப் கம் பிடித்துவிட்டது

சீமெந்து ஈரமாக இருக்கும்போது தண்ணீர் போதும். மேசன் பாஸ்மார் வேலை முடிந்ததும் கரண்டியை வாளித் தண்ணீரில் அலசாமல் கிளம்ப மாட்டார்கள். கைப்பிடியை மட்டும் மறந்துவிடுவார்கள். இறுகிவிட்டால், மெத்தென்ற பிடியைக் கொஞ்சம் வளைத்து நசுக்கினாலே பெரிய பொருக்கு உதிரும். மிச்சத்துக்கு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, துணியில் நனைத்து பத்து நிமிடம் சுற்றிவைத்துப் பிரஷ் போடவும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், வினாகிரி இரும்பையும் அரிக்கும். பாத்ரூம் கழுவும் அசிட் வேண்டாம்.

எமல்ஷன் பெயின்ட் காய்ந்திருந்தால் வெந்நீர்த் துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்து நகத்தால் உரியுங்கள். எனாமல் காயுமுன் என்றால் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரே இழுப்பு, உடனே சவர்க்காரம். காய்ந்த எனாமலை விட்டுவிடுவேன். அது பிடியைக் கெடுக்கவில்லை, கரைப்பான்தான் கெடுக்கும்.

பைப் ஒட்டும் கம் பீ.வீ.சி.யைக் கரைத்து ஒட்டுவதற்கென்றே செய்தது. குறட்டு உறையில் பட்ட உடனே துணியால் தேய்த்தால் கரைந்த உறையும் சேர்ந்து இழுபடும். தொடாமல் ஒரு நாள் காயவிட்டு விளிம்பிலிருந்து கிள்ளி எடுங்கள். காய்ந்த சிலிக்கனும் அப்படியே, விரலால் உருட்டி உருட்டி.

மெலமைன் பஞ்சு, அந்த வெள்ளை மாயப்பஞ்சு, கறையை எடுக்கும். ஆனால் அது மிக நுண்ணிய சேண்ட் பேப்பர்தான். பிடியில் அச்சடித்த அளவு எண்களும் கறையோடு போய்விடும்.

கையெல்லாம் கறுப்பாகிறது

எவ்வளவு கழுவினாலும் உள்ளங்கையில் கறுப்பு இறங்குகிறது, பிடியில் மெல்லிய வெடிப்புகள். இது நிஜமாகவே ரப்பர். பழைய சுத்தியல், கோடரிப் பிடிகளில் இருக்கும். ரப்பருக்கும் நமக்கும் பழைய உறவு. 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடப் பூங்காவில்தான் இந்த நாட்டின் முதல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். ரப்பருக்குக் கறுப்பைத் தருவது கரித்தூள். வெயிலிலும் காற்றிலும் ரப்பர் சிதையும்போது அந்தத் தூள் விடுபட்டுக் கையோடு வருகிறது. இயற்கை ரப்பர் என்ஜின் ஒயிலில் ஊதிப்பெருக்கும், அதனால் ஒயில் தடவி மினுக்க நினைக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் இரண்டு முறை கழுவிப் பாருங்கள். மூன்றாம் முறையும் கறுப்பு வந்தால் பிடியை மாற்றுங்கள்.

பிடி சுழல்கிறது

திருப்பும்போது தண்டு நிற்க உறை மட்டும் சுற்றினால் இடையில் தண்ணீரோ ஒயிலோ புகுந்திருக்கிறது. பெரும்பாலும் ஊறப்போட்டுக் கழுவியதன் பலன். கழற்றி எடுக்கக்கூடிய உறை என்றால் விளிம்பைத் தூக்கி உள்ளே ஓரிரு துளி அல்கஹோல் விட்டு முறுக்கி இழுங்கள், வழுக்கி வரும். தண்டையும் உறையின் உள்பக்கத்தையும் அல்கஹோலால் துடைத்து, மறுபடி உள்ளே துளி விட்டு ஏற்றுங்கள். அது ஆவியானதும் இறுகும். ஒரு இரவு விடுங்கள். வார்த்து ஒட்டிய உறை பெயர்ந்து சுற்றினால், குறிப்பாகச் சுத்தியலில், அதை ஓங்க வேண்டாம்.

கறண்ட் வேலைக் குறடு

மேலே சொன்ன எதையும் இதற்கு அப்படியே எடுக்காதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் உள்ள பிடி உண்மையில் ஒரு காப்பு உறை, ஐ.ஈ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்துக்கு 10,000 வோல்ட்டில் சோதித்து வருவது. மெத்தென்று மட்டும் இருக்கும் சாதாரணப் பிடியை நம்பி நம் வீட்டு 230 வோல்ட்டில் கைவைக்கக் கூடாது, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். காப்புப் பிடிக்குச் சவர்க்கார ஈரத்துணி, நல்ல தண்ணீர்த் துணி, உலர்த்தல், அவ்வளவே. கரைப்பான் இல்லை, சுரண்டல் இல்லை. வியர்வை உப்பும் உலோகத்தூளும் சேர்ந்த ஈர அழுக்கு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இதைச் சுத்தமாக வைத்திருப்பது மற்றவற்றைவிட முக்கியம். முழுதாகக் காயுமுன் எடுக்கவும் கூடாது.

பலவற்றில் உறை இரண்டு நிறத்தில் இருக்கும். மேல் நிறம் தேய்ந்தோ வெட்டுப்பட்டோ அடி நிறம் தெரிந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். போன வருஷம் பக்கத்து ஒழுங்கை வயரிங் தம்பி ஒருவர் அப்படி ஒரு குறட்டோடு வந்தார். சிவப்புக்குக் கீழே மஞ்சள் நன்றாகத் தெரிந்தது.

"அண்ணா, நல்லாக் கழுவிட்டன். இந்த இடத்துக்கு மட்டும் டேப் சுத்தினா சரிதானே?"

"சரிவராது தம்பி. டேப்புக்கு யார் 10,000 வோல்ட் விட்டுப் பார்த்தது?"

"புதுசு வாங்கினா என்ன விலை தெரியுமே?"

விலை எனக்கும் தெரியும். பேசாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது பேனையை வாங்கிப் பிடியில் பெரிதாக "கறண்டுக்கு இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது அது அவர் வீட்டுக் கொடிக்கம்பி முறுக்கவும் பூச்சாடிக்குக் கம்பி வெட்டவும் இருக்கிறது.